மூஞ்சிக்கல் ஸ்டுடியோவில் ஒரு கான்சாஸ் களத்துமேடு

பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்தும், கறையும் கிழிசலும் நீக்கிப் புதிதாக அச்சிட்டும் தரும் சிறிய ஸ்டுடியோ ஒன்று கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் போகிறவர்களுக்கு அது பழகிய கடைதான். பழம்படங்களைக் கையாளுவதில் அங்கே இவ்வளவு பக்குவம் உண்டு என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்த ஆல்பங்களை அங்கே கொடுத்து வாங்கிய பிறகு இதை எழுதுகிறேன். ஸ்கேன் செய்வதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். சீரமைப்புக்குக் கொடுப்பதென்றால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

கொடுத்த படங்களில் பாதி எங்கள் குடும்பத்துப் படங்களே அல்ல. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் இந்த மலையில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். தங்கள் பிள்ளைகளுக்காக 1901இல் பள்ளியும் தொடங்கினார்கள். அந்தப் பங்களாக்களில் சமையலுக்கும் தோட்டத்துக்கும் இருந்தவர்களின் வீடுகளில் இன்றைக்கும் அமெரிக்கக் கிராமப்புறத்துப் படங்கள் கிடக்கும். எங்கள் தாத்தா அப்படி ஒரு பாதிரியார் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். அந்தக் குடும்பம் ஊர் திரும்பிய பின்னும் கான்சாஸில் இருந்த தங்கள் பண்ணையின் படங்களை ஆண்டுக்கு ஒன்றிரண்டாக அனுப்பிக்கொண்டிருந்தது. அத்தை இன்றும் அதைத் 'துரை வீட்டு ஆல்பம்' என்றே சொல்லுவார். காற்றாலை, கோதுமைக் களம், கதிரடிக்கும் நீராவி எந்திரம், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், மரவீட்டுத் திண்ணையில் மடியில் பூனையோடு ஒரு பாட்டி ஆகிய இவற்றையெல்லாம் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறைகூடப் போயிராத வயதில் கான்சாஸ் எங்களுக்கு அத்துபடி.

அந்தப் படங்களில் பல, படமே அஞ்சலட்டையாக அச்சானவை. கோடாக் நிறுவனம் 1903இல் கொண்டுவந்த 3ஏ என்ற மடிப்புக் கேமராவின் படம் மூன்றேகால் அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம், ஏறத்தாழ அஞ்சலட்டை அளவு. அமெரிக்காவில் 1896 முதல் கிராமத்துப் பண்ணை வாசலுக்கே தபால் வரத் தொடங்கியிருந்ததால், உழவர்கள் தங்கள் வீட்டையும் மாட்டையும் படம் எடுத்து, பின்னால் நான்கு வரி எழுதி அனுப்புவது பெரும் பழக்கமாயிற்று. ஸ்டுடியோக்காரர் முதல் அட்டையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கமும் எடுத்துடறேன் சார், அதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்றார். ஸ்டாம்ப் ஒட்டுமிடத்தில் அஸோ (AZO) என்ற படத்தாள் வகையின் பெயரைச் சுற்றியுள்ள சிறு முக்கோணங்களைக் காட்டி விளக்கவும் செய்தார். நான்கும் மேல்நோக்கியிருந்தால் அந்தத் தாள் 1904 முதல் 1918 வரை வந்தது, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918 முதல் 1930 வரை வந்தது என்று சேகரிப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். தேதியே இல்லாத அட்டைகளுக்கு இப்படி ஒரு காலவரம்பு கிடைத்துவிடுகிறது.

ஸ்கேன் வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. அஞ்சலட்டைகளை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுத்தார். மூன்றரைக்கு ஐந்தரை அங்குல அட்டை 2,100க்கு 3,300 புள்ளிகளாக வருகிறது, இரு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தாங்கும். கேட்டால் சுருக்கப்படாத டிஃப் கோப்பாகவே பென் டிரைவில் போட்டுத் தருகிறார். ஓரங்களில் வெள்ளி பூத்து நீலமாகப் பளபளக்கும் படங்களை ஸ்கேனரில் வைத்தால் அந்தப் பளபளப்பே பதிவாகும் என்பதால், அவற்றை மட்டும் மேசையில் கிடத்தி, விளக்குகளுக்கும் லென்ஸுக்கும் பளபளப்பை அடக்கும் போலரைசர் வடிகட்டி மாட்டிக் கேமராவால் எடுத்தார். 1970களில் எல்லோரும் வாங்கிய, பிளாஸ்டிக் தாளை உரித்துப் படத்தை ஒட்டவைக்கும் ஆல்பத்தில் அப்பாவின் கல்யாணப் படங்கள் பசையோடு பசையாகப் பிடித்துப்போயிருந்தன. நாங்கள் பிளேடு வைக்கப் பயந்து விட்டுவைத்திருந்தவை அவை. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்குக் கீழே விட்டு, ரம்பம் இழுப்பதைப்போல மெல்ல இழுத்து ஒவ்வொன்றாக எடுத்ததை நின்று பார்த்தேன். ஒரு மூலைகூடக் கிழியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஊரில் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த படங்களை வெயிலில் போடாமல், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஈரம் போகும்வரை வைத்திருந்து, பிறகே மென்தூரிகையால் துடைத்தார்.

தகராறு சீரமைப்பில்தான். 1919ஆம் ஆண்டுக் கதிரடிப்புப் படம் ஒன்று எங்களிடம் உண்டு. கோடாக் 1914 முதல் 1932 வரை விற்ற ஆட்டோகிராஃபிக் வகைக் கேமராவில், முதுகுப்பக்கச் சிறுகதவைத் திறந்து எழுத்தாணியால் எழுதினால் அந்த எழுத்து பிலிமிலேயே பதியும். அச்சில் அது படத்தின் அடியில் கறுப்புப் பட்டைமேல் வெள்ளை எழுத்தாக வரும். எங்கள் படத்தில் அப்படி ஜூலை 1919 என்றும் களத்தின் பெயரும் கோணல்மாணலாக எழுதியிருக்கும். சீரமைத்து வந்த பிரதியில் அந்தப் பட்டையையே காணோம். கணினியில் வேலை செய்யும் பையன் அதைக் கீறல் என்று நினைத்து வெட்டியிருக்கிறான். படத்தில் தேதி சொல்லும் ஒரே இடம் அது. 1919 என்று தெரிந்தால்தான் படமே பேசும்: முதல் உலகப் போரின் விளைவாக அந்த ஆண்டுக் கோதுமைக்கு அமெரிக்க அரசு புஷலுக்கு (ஏறத்தாழ 27 கிலோவுக்கு) 2.26 டாலர் விலை உறுதி செய்திருந்தது, புல்வெளியையெல்லாம் உழுது கோதுமை போட்டார்கள், அடுத்த ஓரிரு ஆண்டில் விலை விழுந்தது. படத்தில் இருப்பவர்களின் அகலமான சிரிப்புக்கும் மலைபோன்ற வைக்கோல் போருக்கும் பின்னால் இருப்பது அந்த விலை.

அதே படத்துக்கு, நான் கேட்காமலேயே, வண்ணம் பூசிய பிரதி ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஜூலை மாதத்துக் கான்சாஸ் அறுவடை நிலம் வைக்கோல் நிறத்தில் வறண்டு கிடக்க வேண்டும். மென்பொருள் அதைப் பூம்பாறைப் பூண்டு வயல்போலப் பச்சைப்பசேலென்று ஆக்கியிருந்தது. எந்திரத்தின்மேல் படிந்த புகைக்கரி மறைந்து புது வண்டியாகிவிட்டது. அழகாக இருக்கிறது என்று வீட்டில் சின்னவர்கள் சொன்னார்கள். அழகாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இவற்றையெல்லாம்கூடப் பொறுக்கலாம். பங்களா வாசலில் துரை குடும்பம் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, ஓரத்தில் தாத்தா தலைப்பாகையோடு நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. வயதான காலத்தில் எடுத்த படங்களைத் தவிர, தாத்தாவுக்கு எங்களிடம் உள்ள ஒரே படம். முகம் கடுகளவுதான், அதுவும் அசைந்து கலங்கியிருக்கும். முகங்களைத் 'தெளிவாக்கும்' மென்பொருளில் அதை ஓட்டியிருக்கிறார்கள். கலங்கிய இடத்தில் இல்லாத விவரத்தை அந்த மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்? தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களின் சாயலிலிருந்து கண்ணிமையையும் உதட்டையும் தானே வரைந்துவிடுகிறது. அத்தையிடம் காட்டியபோது, "யாருப்பா இது? அப்பா மூக்கு இப்படி இருக்காதே" என்றார். திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னதும் கடைக்காரர் வாதாடவில்லை. மூலக் கோப்பிலிருந்து மீண்டும் தொடங்கி, பூஞ்சைப் புள்ளிகளையும் நடுவே ஓடிய மடிப்பையும் மட்டும் கையால் நீக்கிக் கொடுத்தார், கூடுதல் பணம் வாங்கவில்லை. முகம் பழையபடி கலங்கலாகவே இருக்கிறது, ஆனால் அது தாத்தாவின் கலங்கல்.

மென்பொருளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, வாடிக்கையாளர்கள் கேட்பதும் அதைத்தான். கடைச் சுவரில் சிவப்புத் தானியக் கொட்டகை, மரவேலி, பழைய ஃபோர்டு வண்டி என்று அமெரிக்கப் பண்ணைப் படங்கள் பழுப்பேற்றி மாட்டியிருக்கின்றன. இங்குள்ள காபிக் கடைகளும் ஹோம்ஸ்டேக்களும் அலங்காரத்துக்கு வாங்கிப் போகின்றனவாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கக்கூடிய தொகுப்பிலிருந்து எடுத்தவையும் அவற்றில் சில. 1935 முதல் 1944 வரை ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில் அரசுக்காக எடுத்த சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகடிவ்கள் அங்கே உள்ளன. ஆனால் அந்தத் தொகுப்பின் சாரமே வேறு. ஆர்தர் ராத்ஸ்டீன் 1936இல் ஓக்லஹோமாவில் எடுத்த, புழுதிப் புயலில் குனிந்து ஓடும் தகப்பனும் பிள்ளைகளும் அதிலிருந்துதான் வருகிறார்கள். எந்தக் காபிக் கடையும் அதை மாட்டாது. கலிஃபோர்னியாவில் அதே ஆண்டு டோரத்தியா லாங் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படத்தில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் உறுத்துகிறது என்று பின்னர் நெகடிவிலேயே அழித்தார்கள். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. அந்த விரல் தெரியும் பழைய அச்சு இன்னும் இருப்பதால்தான் அழித்த விஷயமே நமக்குத் தெரிகிறது. எங்கள் ஆல்பத்திலும் கொட்டகையும் பூக்களுமாக மிக இனிமையாக இருக்கும் அட்டையின் பின்னால்தான், வடக்கு நிலத்துக் கோதுமை முழுவதையும் ஆலங்கட்டி மழை கொண்டுபோனது என்று எழுதியிருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டுகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

பிற்காலத்து ஸ்லைடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1950களின் கோடாக்ரோம் என்ற வண்ண பிலிமில் எடுத்த ஸ்லைடுகள் இருட்டுப் பெட்டியில் கிடந்ததால் நிறம் அப்படியே இருந்தது. அதே குடும்பம் 1970களில் அனுப்பிய வண்ண அச்சுகளோ செந்நிறமாக மாறிவிட்டன. அவற்றின் நிறத்தை அளவோடு மீட்டிருக்கிறார், திருப்தி.

கட்டணம்: ஸ்கேன் ஒரு படத்துக்கு 40 ரூபாய், ஸ்லைடுக்கு 60, கைச்சீரமைப்பு சேதத்தைப் பொறுத்து 350 முதல் 1,200 வரை. முன்பணம் பாதி. ஏப்ரல், மே சீசனில் போனால் சுற்றுலாக் கூட்டத்தின் அவசரப் படங்களுக்கு நடுவே உங்கள் ஆல்பம் வாரக்கணக்கில் காத்திருக்கும். ஜூலைக்குப் பிறகு போனால் கடைக்காரரே உட்கார்ந்து செய்கிறார். படங்களைப் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோகாமல் பருத்தித் துணியிலோ காகிதத்திலோ சுற்றி எடுத்துச் செல்லுங்கள். ரசீதிலேயே 'வண்ணம் வேண்டாம், முகத்தைத் தொட வேண்டாம், ஓரம் வெட்ட வேண்டாம்' என்று எழுதச் சொல்லுங்கள். திருத்தாத ஸ்கேன் கோப்பு பென் டிரைவில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.