பிபிசி மைக்ரோவுக்கு எது தோது: கோடெக்கா, எஸ்டி கார்டா?

கும்பகோணத்தில் ஒரு காயலான் கடையில், பித்தளைக் குடங்களுக்கும் உடைந்த மின்விசிறிகளுக்கும் நடுவில் கிடந்தது அந்த பிபிசி மைக்ரோ, எண்பதுகளின் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர். 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வந்த ரகம். வீட்டுக்குக் கொண்டுவந்து கரண்ட் கொடுத்த கால் மணி நேரத்தில் பவர் சப்ளையிலிருந்து புகை. இந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய வரவேற்பு. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வெடிக்கும், மாற்றினால் சரியாகிவிடும். தீர்க்க முடியாதது ஃப்ளாப்பிதான். கூட வந்த பன்னிரண்டு ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகளிலும் நீள்துளை வழியே பார்த்தாலே வெள்ளையாகப் பூசணம் தெரிந்தது. நாற்பது ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தாங்கி நிற்க அவை என்ன கருங்கல்லா?

ஆக, டிஸ்க்கை இமேஜ் கோப்பாக (முழு ஃப்ளாப்பியின் நகல் ஒரே கோப்பில்) வைத்துக்கொண்டு மெஷினை ஏமாற்ற வேண்டும். எந்த இடத்தில் ஏமாற்றுவது என்பதில்தான் இரண்டு கட்சி. கோடெக் என்பது பென்டிரைவ் செருகும் சின்னப் பெட்டி, ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். 34 முனை ரிப்பன் கேபிளின் மறுமுனையில் நிஜ டிரைவ் சுற்றுகிறது என்றே மெஷின் நம்பும். மற்றது, யூசர் போர்ட்டில் (வெளிச் சாமான்களை மாட்டும் வாய்) எஸ்டி கார்டு சாக்கெட்டைக் கட்டி, எம்எம்எஃப்எஸ் என்ற மென்பொருள் எழுதிய ராம் சிப்பை (ரீட் ஒன்லி சமாச்சாரம், ரேம் அல்ல) உள்ளே செருகுவது. இதில் டிரைவும் இல்லை, டிரைவை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் சிப்பும் இல்லை. டிஸ்க் கேட்டு வரும் அழைப்பையே மென்பொருள் வழிமறித்துவிடும்.

இரண்டிலும் டிஸ்க்கின் ஒரு பக்கத்துக்கு 31 கோப்புதான். இரண்டுமே பழைய ஃப்ளாப்பியைவிட நிம்மதி. இதையெல்லாம் நீட்ட வேண்டாம்.

முதலில் கோடெக்தான் வாங்கினேன். ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேர் ஏற்றி, திருகு குமிழும் சின்ன ஓஎல்இடி திரையும் வைத்தால் அழகான சாமான். பென்டிரைவில் இமேஜைப் போட்டுக் குமிழைத் திருகினால் போதும். காப்பித் தடை போட்ட விளையாட்டுகளுக்கு இதுதான் வழி, ஏனென்றால் அவை கன்ட்ரோலர் சிப்போடு நேரடியாகப் பேசுபவை. எட்டு மாதம் குறையில்லாமல் ஓடியது.

அப்புறம் ஒரு மழைநாளில் 'டிஸ்க் ஃபால்ட்' என்று வர ஆரம்பித்தது. கேபிளை மாற்றினேன், பென்டிரைவை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் கோடெக் மேல் ஒரு குற்றமும் இல்லை; மெஷினில் இருந்த 8271 கன்ட்ரோலர் வயதாகிப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தச் சிப்பு உற்பத்தி நின்று பல காலமாகிறது. பழைய போர்டிலிருந்து பிடுங்கியதைத்தான் விற்கிறார்கள், விலையும் சுடுகிறது. அதற்குப் பதிலாக 1770 என்ற வேறு கன்ட்ரோலர் போட்ட துணைப் பலகை வைக்கலாம். அந்த 1770உம் உற்பத்தி நின்றுபோனதுதான். போதாக்குறைக்கு 8271இடம் நேரடியாகப் பேசும் விளையாட்டுகள் அதில் ஓடாது. கோடெக் எவ்வளவு புதிதாக இருந்தாலும், அதன் உயிர் நாற்பது வயதுச் சிப்பு ஒன்றில் தொங்குகிறது.

எனக்குத் தீர்ப்பு சொன்னது இந்த ஒரு விஷயம்தான்: கெட்டுப்போனால் மாற்று கிடைக்குமா? யூசர் போர்ட்டை நடத்துவது 6522 என்ற சிப்பு. அதை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், டபிள்யூ65சி22 என்ற பெயரில். வாங்கும்போது 22க்கு அடுத்த எழுத்து 'என்' என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். 'எஸ்' ரகத்தின் இன்டரப்ட் காலை (ப்ராசஸரைக் கூப்பிடும் முனை) மற்ற சிப்புகளின் காலோடு ஒரே கம்பியில் கட்டக் கூடாது. இந்த மெஷினில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை, அதனால் இதைக் கைப்பட்ட அனுபவமாகச் சொல்லவில்லை.

எஸ்டி கார்டுப் பலகையை நானே பொட்டுப் பலகையில் (துளை போட்ட வெற்றுப் பலகை) பற்றவைத்தேன். சாமான் கொஞ்சம்தான்: எஸ்டி சாக்கெட், 3.3 வோல்ட் ரெகுலேட்டர், வோல்ட்டைக் குறைக்க 74ஏஹெச்சி125 என்ற சிப்பு ஒன்று. மெஷின் 5 வோல்ட், கார்டு 3.3. 6522இன் பிபி0 முனையில் டேட்டா போகிறது, பிபி1இல் க்ளாக். இந்த இரண்டு கம்பிக்குத்தான் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். கார்டிலிருந்து சிபி2க்குத் திரும்பி வரும் கம்பியை அப்படியே விடலாம், 3.3ஐ 6522 'ஒன்று' என்றே படித்துக்கொள்ளும். க்ளாக்கை சிபி1க்கும் இழுத்துவிட்டால், வரும் எட்டு பிட்டையும் 6522க்குள் இருக்கும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரே சேர்த்து வைத்துவிடுகிறது. எழுதுவது மட்டும் பிட் பிட்டாகத் தள்ள வேண்டிய வேலை.

கார்டில் இருப்பது பீப்.எம்எம்பி என்ற ஒரே கோப்பு. தலைப்பகுதி 8192 பைட். அதன்பின் 200 கேபி வீதம் 511 டிஸ்க். கார்டின் கணக்கு 512 பைட் பிளாக், ஆக ஒரு டிஸ்க் 400 பிளாக். மெஷினின் ப்ராசஸரான 6502க்குப் பெருக்கத் தெரியாது, ஆனால் 400 என்பது 256, 128, 16 சேர்ந்தது. நகர்த்திக் கூட்டினால் விடை வந்துவிடும். கோப்பு துண்டு துண்டாகாமல் ஒரே நீட்டாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். கார்டை ஃபார்மேட் செய்து முதல் ஆளாக இதைக் காப்பி செய்யுங்கள். எழுதும்போது கோப்பு அட்டவணையைத் தொடுவதே இல்லை என்பதால், நடுவில் கரண்ட் போனாலும் அந்த ஒரு டிஸ்க்கோடு போகும் என்று நம்புகிறேன். இதுவரை மூன்று முறை போயிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. கார்டுக்குள்ளேயே நடக்கும் கூத்துக்கு நான் பொறுப்பில்லை.

குறை உண்டு. யூசர் போர்ட் போய்விடுகிறது, மவுஸ் வைக்க முடியாது. காப்பித் தடை விளையாட்டு பலவும் ஓடாது. அடைமழைக் காலத்தில் சாக்கெட்டின் பித்தளை நாக்குகள் களிம்பு பிடிக்கின்றன; கார்டை ஏழெட்டு தடவை எடுத்துப் போட்டால் வழிக்கு வருகிறது. எம்எம்எஃப்எஸ்ஸை ஈப்ராமில் (அழித்து மறுபடி எழுதக்கூடிய, மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த ராம்) எழுதியது இன்னொரு கதை. பழைய ஈப்ராமை அழிக்க யூவி விளக்கு இல்லாததால் மொட்டை மாடியில் அம்மாவின் வடகத்தட்டு ஓரமாக வைத்தேன். சித்திரை வெயிலில் ஒரு வாரம். "ஏண்டா, இந்தக் கண்ணாடிப் பூச்சியையும் காக்கா தூக்கிடாம நான்தான் பாத்துக்கணுமா?" என்றாள். எட்டாம் நாள் முழுக்க வெறுமையாக இருந்தது.

மறுவிற்பனையில் கோடெக்தான் கெட்டி. என் பலகையை யார் வாங்கப்போகிறார்கள்? கோடெக்கோ எம்பிராய்டரி மெஷின், இசைக் கீபோர்டு என்று ஃப்ளாப்பி வாய் உள்ள எதற்கும் பொருந்தப் பார்க்கும். தஞ்சாவூரில் எம்பிராய்டரி கடை வைத்திருக்கும் மச்சான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 8271 ஒன்று மலிவாக மாட்டுமா என்று தீபாவளி வரைக்கும் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.