மெடிக்கெய்டுக்கு முன்: அம்மாவின் பாலிசியை என்ன செய்வது?

தன் இறுதிச் செலவு பிள்ளைகள் தலையில் விழக்கூடாது என்றுதான் அமெரிக்காவில் பல அம்மாக்கள் மாதம் தவறாமல் ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியிருப்பார்கள். நர்சிங் ஹோம் செலவுக்கு மெடிக்கெய்டு (வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) கேட்கப் போகும்போது அதே பாலிசி குறுக்கே நிற்கும். பெரும்பாலான மாநிலங்களில் தனி ஆளுக்குச் சொத்து வரம்பு 2,000 டாலர்தான்.

முதலில் பாலிசித் தாளைப் பாருங்கள். டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் காப்பு தருவது) என்றால் கவலை இல்லை. அதற்குச் சரண்டர் மதிப்பு, அதாவது பாலிசியை இடையில் ரத்து செய்தால் கைக்கு வரும் பணம், கிடையாது. முழு ஆயுள் பாலிசிதான் சிக்கல். பொதுவான விதிப்படி, அப்படிப்பட்ட பாலிசிகளின் காப்பீட்டுத் தொகை மொத்தம் 1,500 டாலருக்குள் இருந்தால் விலக்கு உண்டு. தாண்டினால் சரண்டர் மதிப்பு முழுவதும் சொத்துக் கணக்கில் சேரும்.

காப்பீட்டுத் தொகை 10,000, சரண்டர் மதிப்பு 4,200, வங்கியில் 1,300 என்று வைத்துக்கொள்வோம். வரம்பைவிட 3,500 டாலர் அதிகம்.

சரண்டர் செய்வது சுலபம். வரும் பணத்தைப் பல் செட், காது மிஷின், பழைய மருத்துவ பில் என்று அம்மாவுக்கே செலவழித்துவிடலாம். ஆனால் இறந்தபின் வரவேண்டிய 10,000 போய்விடும். கட்டிய பிரீமியத்தைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் அதற்கு வருமான வரியும் உண்டு.

மகன் பெயருக்குச் சும்மா எழுதிக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம். விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதக் கணக்கைத் துருவிப் பார்ப்பார்கள். கொடுத்த மதிப்பை அந்த மாநிலத்தின் சராசரி நர்சிங் ஹோம் கட்டணத்தால் வகுத்து, அத்தனை நாளுக்கு உதவி கிடையாது என்பார்கள். நாள் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் கையிருப்பெல்லாம் கரைந்து, மற்றபடி தகுதி வந்த பிறகுதான் அந்தக் காலமே தொடங்கும். அந்த நாட்களுக்கு யார் பணம் கட்டுவது?

அதே மகன் 4,200 டாலருக்குச் செக் கொடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு பாலிசியை வாங்கினால் அது தானம் ஆகாது. அம்மா அந்தப் பணத்தைத் தன் தேவைக்குச் செலவழிப்பார். இனி மகன் பிரீமியம் கட்டுவார், 10,000 அவருக்கு வரும். அம்மாவின் உடல்நிலை மிக மோசமாக இருந்தால் மட்டும் உண்மையான மதிப்பு இதைவிட அதிகம் என்று கேள்வி வரலாம்; அப்போது முதியோர் சட்ட வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிள்ளைகளிடம் அவ்வளவு பணம் இல்லையா? பல மாநிலங்களில் பாலிசியையே திரும்பப் பெற முடியாத இறுதிச்சடங்கு அறக்கட்டளைக்கு மாற்றலாம். என்னைக் கேட்டால் சின்ன பாலிசிக்கு இதுதான் நியாயம். அம்மா எதற்காகக் கட்டினாரோ அதற்கே பணம் போகிறது.

அப்பா வீட்டில் இருந்தால் அவர் பெயருக்கு மாற்றலாம், தண்டனை இல்லை. அவருக்கு அனுமதிக்கப்பட்ட சொத்தில் அது சேரும், அவ்வளவுதான்.

எதைச் செய்வதானாலும் காப்பீட்டுத் தொகை, சரண்டர் மதிப்பு, பாலிசி மேல் உள்ள கடன் மூன்றையும் காட்டும் கடிதத்தைக் கம்பெனியிடம் முதலில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், பாலிசி அம்மா பெயரிலேயே தொடர்ந்தால் நாமினி யார் என்று பாருங்கள். யாரும் இல்லாமல் பணம் அவருடைய எஸ்டேட்டுக்கு (அவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு) போனால், 55 வயதுக்குப் பிறகு அவருக்காக மெடிக்கெய்டு செய்த செலவை அரசு அதிலிருந்து கேட்கும்.