கில்ட்டுக்கு என்ன ஷூ போடலாம்? பல வருஷம் கட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

எடின்பரோவுக்குக் குடிவந்த பிறகு நண்பர்கள் வீட்டுக் கல்யாணம், ஜனவரி 25-இல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் பர்ன்ஸ் நைட் விருந்து, மர்ரேஃபீல்டில் ரக்பி ஆட்டம் என்று ஏதோ ஒரு சாக்கில் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், முட்டிவரை வரும் கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடை, கட்ட ஆரம்பித்து வருஷங்கள் ஓடிவிட்டன. எந்த டார்ட்டன் (கட்டம்போட்ட துணி வடிவம்), எட்டு கஜமா ஐந்து கஜமா, கம்பளி எத்தனை அவுன்ஸ் என்றெல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல எட்டு கஜக் கில்ட் ஒன்று எடுத்துவிட்டால் அது பாட்டுக்கு உழைக்கும். காலையிலிருந்து நின்று, நடந்து, ராத்திரி ஆடி முடிக்கிறவரை நம்மைப் படுத்துவது முட்டிக்குக் கீழே இருக்கும் சமாச்சாரங்கள்தான். அதனால் கையிலிருக்கும் காசை அங்கே போடச் சொல்வேன்.

கில்ட் என்றாலே கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது கில்லி புரோக். இந்த ஷூவுக்கு நாக்கு கிடையாது, லேஸ் கிட்டத்தட்ட ஆள் உயரம் இருக்கும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட் சேற்றிலும் ஓடையிலும் நடந்தவர்களின் பழைய தோல் காலணி வழியாக வந்தது, உள்ளே போன தண்ணீர் வெளியேறவும் கால் சீக்கிரம் காயவும் வசதியான அமைப்பு என்பார்கள். லேஸை இழுத்து, முன்பக்கம் மூன்று நான்கு தடவை முறுக்கி, கணுக்காலுக்குச் சற்று மேலே பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, முன்னாலோ கொஞ்சம் வெளிப்பக்கமாகவோ முடிச்சுப் போட வேண்டும். கெண்டைக்கால் பாதிவரை ஏற்றிக் கட்டுகிறவர்களும் உண்டு. வேண்டாம், நடக்க நடக்கச் சரிந்து கணுக்காலில் வந்து குவிந்துவிடும்.

பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் நாக்கு இல்லாததால் லேஸ் நேராகப் பாதத்தின் மேல் எலும்பில்தான் உட்காரும். மெல்லிய காலுறை என்றால் ராத்திரி கழற்றும்போது பாதத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். ஜனவரிக் காற்றில் முட்டி குளிராதா என்று எல்லோரும் கேட்பார்கள், முட்டி சீக்கிரமே பழகிவிடும், குளிர்வது பாதத்தின் மேல்பக்கம்தான். மழையில் லேஸ் ஊறியதும் முடிச்சு தளரும். கருப்பு லேஸின் சாயம் வெளிர்நிறக் காலுறையில் இறங்கி, கணுக்காலைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் போட்டுவிடும், என்னிடம் இருக்கும் கிரீம் ஜோடியில் அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

போதாக்குறைக்கு நடனம். ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ என்ற ஸ்காட்டிஷ் குழு நடனம் ஆடும்போது ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பிடித்துச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். தொங்கும் லேஸ் நுனியை யாராவது மிதித்தால் அவ்வளவுதான். தோல் சோல் என்றால் மெழுகு போட்ட மரத்தளத்தில் வழுக்கும், வெளியே வந்தால் ராயல் மைல் தெருவின் ஈரக் கருங்கல்லில் அதைவிட வழுக்கும். ஷூ ரிப்பேர் கடையில் கொடுத்து முன்பாதிக்கு மெல்லிய ரப்பர் ஒட்டி வாங்கினேன். இந்த உடைக்காக நான் செய்த செலவிலேயே இதுதான் உருப்படியான செலவு.

இப்போது பெரும்பாலும் சாதாரணக் கருப்புப் புரோக்தான் (தோலில் சின்னத் துளை வேலைப்பாடு உள்ள, நாக்கு வைத்த ஷூ) போடுகிறேன், ஆபீஸுக்கும் அதே ஜோடி. கில்ட்டுக்குக் கில்லி கட்டாயம் என்று ஒரு விதியும் கிடையாது. ட்வீட் கோட்டோடு பகல் கல்யாணம் என்றால் பழுப்புப் புரோக் கில்லியைவிட எடுப்பாகவே இருக்கும். ரக்பிக்குக் கனமான பூட்ஸ், கம்பளிக் காலுறையைக் கணுக்காலுக்குச் சுருட்டிவிட்டால் முடிந்தது, மைதானத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். பிரின்ஸ் சார்லி எனப்படும் குட்டையான விருந்துக் கோட், கருப்பு டை என்று இரவு விருந்துக்குப் போகும்போது மட்டும் கில்லியை எடுக்கிறேன்.

எந்த ஷூவாக இருந்தாலும் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். ஹோஸ் எனப்படும் இந்தக் கம்பளிக் காலுறை நல்ல தடிமன், அரை சைஸ் கூடுதலாகத் தேவைப்படலாம். கம்பளியில் கொஞ்சம் நைலான் கலந்தது குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழாது. மேல்மடிப்பு முட்டிச்சில்லுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும், அதற்குமேல் ஏறினால் கால் குட்டையாகத் தெரியும். வெள்ளைக் காலுறை பேக்பைப் பேண்டுக்காரர்களுக்குப் பொருத்தம், மற்றவர்கள் போட்டால் வாடகைக் கடையிலிருந்து நேராக வந்த தோற்றம் வந்துவிடுகிறது, இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள். பாசிப்பச்சை, கருநீலம், சாம்பல் என டார்ட்டனில் இருக்கும் ஏதாவது ஒரு மங்கல் நிறத்தை எடுத்தால் சேறும் தெரியாது, லேஸ் சாயமும் தெரியாது.

மடிப்புக்கு அடியில் எலாஸ்டிக்கோடு கட்டும் ஃபிளாஷ் ரிப்பன் வெளிப்பக்கமாக ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் எட்டிப் பார்த்தால் போதும். எலாஸ்டிக் இறுகினால் கால் மரத்துப்போகும், தளர்ந்தால் காலுறை இறங்கும், ஆகவே வெல்க்ரோ வைத்ததாக வாங்குங்கள். வலது காலுறையில் செருகும் ஸ்கியன் டூ என்ற சின்னக் கத்தியைத் தேசிய உடையின் பகுதியாக வைத்திருக்க பிரிட்டிஷ் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பார் வாசலில் நிற்பவர் சட்டம் கேட்டுக்கொண்டிருக்கவும் மாட்டார். நான் பிளேடு இல்லாத வெறும் பிடிதான் செருகுகிறேன்.

ஸ்போரன், அதாவது கில்ட்டுக்கு முன்னால் இடுப்பில் தொங்கும் பை, விஷயத்தில் அதைத் தாங்கும் சங்கிலியைக் கவனியுங்கள். பின்னால் கொசுவ மடிப்பின்மேல் அது உரசி உரசிக் கம்பளியைத் தின்றுவிடும், அதனால் தோல் வார் போட்டுக்கொண்டேன். பகலுக்கு வெறும் தோல் ஸ்போரன், ராத்திரிக்கு ரோமம் வைத்தது என்பது பொது வழக்கம், இரண்டுக்கும் நடுவில் முன்பக்கம் மட்டும் ரோமம் வைத்த ஒன்று கிடைக்கிறது, ஒன்றே ஒன்று வாங்குவதானால் அது. ஆடும்போதும் கார் ஓட்டும்போதும் இடுப்புப் பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். இந்தக் காலத்துப் போன் அதில் பாதிக்குத்தான் நுழைகிறது.

வெயிஸ்ட்கோட் போட்டால் பெல்ட் தேவையில்லை. கில்ட்டின் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துணி வரும், அலங்காரக் கில்ட் பின்னை மேல் துணியில் மட்டும் குத்துங்கள், இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தினால் உட்கார்ந்து எழும்போது கிழியும்.

வாடகைக்கு எடுக்கிறவர்களும் ஷூவையும் காலுறையையும் சொந்தமாகக் கொண்டுபோவது நல்லது. வாடகைக் கில்லி பலபேர் கால் பட்டது, எனக்கு ஒருமுறை கிடைத்த ஜோடி அட்டைபோல விறைத்த செயற்கைத் தோல், சாப்பாடு முடிவதற்குள் குதிகால் கொப்பளித்துவிட்டது. ஷூவைக் கழித்து வாடகை போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் குறைக்கிறார்கள்.