மச்சம் இல்லாத நாளில் சோயாமீற்றா, பயறா?

வன்னியில் புரதம் என்றால் பலருக்கும் மச்சந்தான் நினைவுக்கு வருகிறது. மீனும் முட்டையும் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் அந்த இடத்தைப் பெரும்பாலும் சோயாமீற் நிரப்புகிறது. நம் வயல்களில் விளையும் பயறும் கௌபியும் காலையில் அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டு உண்ணும் பண்டங்களாகவே ஒதுங்கி நிற்கின்றன. மதியச் சோற்றுக்கு இவற்றில் எதை நிலையான கறியாக வைத்துக்கொள்வது என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தபோது, நாங்கள் பயறு, கௌபி, உழுந்து ஆகியவற்றின் பக்கமே சாய்ந்தோம்.

சோயாமீற்றின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை: கடைதோறும் கிடைக்கும், விரைவில் வேகும், பிள்ளைகள் மறுக்காமல் உண்பார்கள். எண்ணெய் நீக்கிய சோயா மாவில் செய்யப்படுவதால், உலர்ந்த 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் இருக்கிறது. பயறிலும் கௌபியிலும் அது சுமார் 24 கிராம். இந்த எண்களை மட்டும் பார்த்துச் சோயாமீற் இரு மடங்கு மேலானது என்று முடிவு கட்டுவோர் சட்டிக்குள் போகும் அளவைக் கவனிப்பதில்லை. 90 கிராம் பைக்கற் ஒன்றை ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 9 கிராம் புரதம் வரும். 200 கிராம் பயறை அதே ஐந்து பேருக்குச் சமைத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். அரிசியில் குறைவாக உள்ள லைசீன் என்னும் புரதக் கூறை இரண்டுமே ஈடுசெய்கின்றன என்பதால் அந்த வகையிலும் வேறுபாடு இல்லை. ஆனால் பைக்கற்றோடு வரும் சுவைத்தூளின் உப்பு எனக்கு உவப்பானதல்ல.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, விளைந்த தானியத்தை வீட்டிலேயே பழுதின்றிச் சேமித்துவைக்க முடிந்ததே. பைக்கற் மாதக்கணக்கில் தட்டில் கிடக்கும், தானியத்திலோ வண்டு விழும் என்ற அச்சத்தால்தான் பலர் விளைந்ததை முழுவதும் விற்றுவிட்டுப் பிறகு கடையில் வாங்குகிறார்கள். அந்த வண்டு வயலில் முற்றிய காயிலேயே முட்டையிடத் தொடங்கிவிடுவதால், வீட்டுக்கு வரும் புதுத் தானியம் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் அதை நம்ப முடியாது. பயறைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தால், மணியின் தோலில் ஊசிமுனையளவு வெண்புள்ளியாக முட்டை ஒட்டியிருப்பது தெரியும். புழு உள்ளே தின்று வளர்ந்து, வட்டமான துளை வழியே வண்டாக வெளிவரும்.

ஆகவே பெரும்போக அறுவடைக்குப் பின் விதைத்த பயறு, 60 முதல் 70 நாளில் முற்றி வீட்டுக்கு வந்ததும், கடித்தால் நசுங்காமல் படாரென்று உடையும்வரை நல்ல வெயிலில் காயவைக்கிறோம். காய்ந்ததைச் சூடு ஆறிய பின்னரே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி உள்ளங்கையால் பிசறி, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் கானில் வைக்கிறோம். எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகாமல் தடுக்கிறது. ஒரு பகுதியை இலேசாக வறுத்துத் திரிகையில் உடைத்துக் கோது புடைத்தும் வைக்கலாம். உடைத்த பருப்பில் இந்த வண்டு எளிதில் பெருகாது. ஐப்பசி மழை தொடங்குமுன் கானைத் திறந்து ஒருமுறை பார்ப்பது நல்லது. இது வீட்டுத் தேவைக்கான அளவில் மட்டும் நாங்கள் கண்ட பலன். மூடைக்கணக்கில் வைப்போருக்கு இதே முறையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. விதைக்கு உரியதையும் எண்ணெய் தடவாமல் வேறாகவே வைக்கிறோம்.

விறகும் நேரமும் தானியத்துக்கே கூடுதலாக வேண்டும் என்பதை மறுக்க முடியாது. கௌபியை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு அவித்தால் அடுப்புச் செலவு குறைவதோடு, வயிறு ஊதுகிறது என்னும் முதியோரின் குறையும் பெரும்பாலும் தணிகிறது. பூசணிக்காயோடு சேர்த்துத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால், எங்கள் வீட்டில் மீன் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. திடீரென்று விருந்தினர் வந்தால் சோயாமீற் இன்றும் கைகொடுக்கிறது.

வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்த நோய் உள்ளவர்களுக்கு இங்கே சொன்ன அளவுகள் எவையும் பொருந்தா. எவ்வளவு புரதம் உண்பது என்பதை அவர்கள் தங்கள் வைத்தியரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.