மெயிலில் பேட்ச், கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட்: எது தேவலை?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளும், பங்களிப்பவர்கள் அனுப்பும் நிரல் திருத்தங்களை, அதாவது பேட்ச்களை, இன்றும் மெயிலில்தான் வாங்குகின்றன. 2008-ல் நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் வந்த பிறகு எழுந்த திட்டங்களில் பெரும்பாலானவை புல் ரிக்வெஸ்ட் (‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று தளத்திலேயே வைக்கும் வேண்டுகோள்) கேட்கின்றன.

தொடங்குவதற்கு எது எளிது என்றால், சந்தேகமே வேண்டாம், புல் ரிக்வெஸ்ட்தான். ஃபோர்க் (திட்டத்தின் சொந்தப் பிரதி) எடுத்து, அதில் ஒரு பிராஞ்சில் (தனிக் கிளையில்) மாற்றத்தை ஏற்றி, பட்டனை அழுத்தினால் போதும். பல திட்டங்களில் சோதனைகள் தானாக ஓடி, எங்கே உடைகிறது என்று காட்டிவிடும். மெயில் வழியில் முதல் நாளே மல்லுக்கட்டுதான். எச்டிஎம்எல் மெயிலை ஏற்க மாட்டார்கள். உங்கள் மெயில் செயலி ஒரு டேபை இடைவெளியாக மாற்றிவிட்டால்கூட பேட்ச் பொருந்தாது. அதனால்தான் பேட்சை அப்படியே மெயிலில் அனுப்பும் கிட் சென்ட்-இமெயில் கட்டளையை அமைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஆனால் ரிவ்யூ, அதாவது வந்த மாற்றத்தை மற்றவர்கள் படித்துச் சரிபார்ப்பது, என்று வந்தால் என் மனசு மெயில் பக்கமே சாய்கிறது. அங்கே ஒரு கமிட்டுக்கு (விளக்கச் செய்தியோடு பதிந்த ஒரு மாற்றத்துக்கு) ஒரு மெயில். கமிட் செய்திதான் மெயிலின் தொடக்கம் என்பதால் அதைப் படிக்காமல் நிரலுக்குப் போக முடியாது. இந்த மாற்றம் எதற்கு என்று புரியாவிட்டால், நிரல் சரியாக இருந்தாலும் கேள்வியோடு திரும்பி வரும். பிழை சொன்னால் மேலே ஒட்டுப்போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. அந்தந்த கமிட்டையே திருத்தி, வி2 (இரண்டாம் பதிப்பு) என்று குறித்து, என்ன மாறியது என்ற குறிப்போடு மறுபடி அனுப்ப வேண்டும்.

புல் ரிக்வெஸ்டில் கண் போவது மொத்த மாற்றத்தின் மீது. கமிட் கமிட்டாகப் பார்க்கவும் வசதி இருக்கிறது, பார்ப்பவர்கள்தான் குறைவு. ‘சரிசெய்தேன்’, ‘மறுபடி சரிசெய்தேன்’ என்று குவிந்தவற்றைக் கடைசியில் ஸ்குவாஷ் செய்து, அதாவது ஒரே கமிட்டாக அமுக்கி, ஒரே கட்டியாக்கிவிடுகிறார்கள். பல வருஷம் கழித்து ஒரு பிழையின் மூலத்தைத் தேடி, எந்தக் கமிட்டில் அது நுழைந்தது என்று கண்டுபிடிக்கும் கிட் பைசெக்டை ஓட்டுகிறவர், எட்டு வேலைகளை ஒன்றாகச் செய்த அந்தக் கமிட்டில் வந்து முட்டி நிற்பார். அவருக்காகத்தான் இவ்வளவு அக்கறையும்.

ஆண்ட்ராய்டும், குரோம் பிரௌசரின் அடிப்படையான குரோமியமும் பயன்படுத்தும் கெரிட் என்ற ரிவ்யூ கருவி இந்த இரண்டு வழிக்கும் நடுவில்: ரிவ்யூ பிரௌசரில், ஆனால் கமிட் கமிட்டாக.

உரிமைப் பிரச்சினையும் உண்டு. கெர்னலில் ‘இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு’ என்று உறுதி சொல்லும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி கட்டாயம். சில திட்டங்கள் தனி ஒப்பந்தமே கேட்கும்.

முதல் பேட்ச் என்றால் புல் ரிக்வெஸ்ட் வாங்கும் திட்டத்தையே எடுங்கள். அனுப்பும் முன் ரீபேஸ் செய்து (கமிட்களை மறுபடி அடுக்கி), ஒரு கமிட்டில் ஒரு வேலை மட்டும் இருக்கும்படி பிரித்துவிடுங்கள். ஸ்குவாஷ் செய்கிற திட்டமா? அப்போது ஒரு வேலைக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட்.