ஒலிபெயர்ப்பா, தமிழ்99-ஆ: போனில் எது வசதி?

புதுப் போன் வாங்கிய மஞ்சக்குப்பம் அத்தை கேட்டார்: "தமிழில் அடிக்க எந்த கீபோர்டுப்பா வைக்கணும்?" ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு, தமிழ் எழுத்துகளே விசைகளாக இருக்கும் தமிழ்99, இரண்டையும் வைத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

செலவு: இரண்டும் இலவசம்.

பழக்கம்: ஒலிபெயர்ப்பில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும், முதல் நாளே ஓடும். தமிழ்99-இல் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். விரலுக்குப் பழக ஓரிரு வாரம் ஆகும். திரையில் விசைகளும் ஒடுக்கம்; தடித்த விரல்காரர்கள் திட்டுவார்கள்.

தட்டல்: 'கடலூர்' என்பதற்கு ஒலிபெயர்ப்பில் எட்டுத் தட்டல். தமிழ்99-இல் க, ட, ல, ஊ, ர, புள்ளி என ஆறுதான். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ போதும். முதல் 'ம'வுக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது, மொழியின் இலக்கணம் தெரிந்து செய்திருக்கிறார்கள்.

பிழை: இங்கேதான் ஒலிபெயர்ப்பு காலை வாரும். ல, ள, ழ மூன்றும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. ஒரு மழைக்காலத்தில் "தெருவில் வெள்ளம்" என்று அவசரமாக அடித்தேன், போனது "தெருவில் வெல்லம்". புதுச்சேரியில் இருந்த அக்கா "எத்தனை கிலோ?" என்று திருப்பிக் கேட்டாள். தமிழ்99-இல் ள தனி விசை, அந்தக் குழப்பமே இல்லை.

வாட்ஸாப்பில் நாலு வரி, நடுவில் ஆங்கிலம் கலக்கும் என்றால் ஒலிபெயர்ப்பு சரி. தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவருக்குத் தமிழ்99. அத்தைக்கு? ஆங்கில எழுத்தே தகராறு என்பதால் தமிழ்99-ஐயே வைத்துக்கொடுத்தேன்.