மீன்குஞ்சு வாங்கி விடுவதா, மடுவைக் காப்பதா?

மேட்டூரில் ஜனவரி 28 வாக்கில் பாசனத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். பத்துப் பதினைந்து நாளில் எங்கள் வாய்க்கால் வற்றும். மீனெல்லாம் மதகடி மடுவில், அதாவது மதகுக்குக் கீழே தண்ணீர் தேங்கும் ஆழமான பள்ளத்தில், வந்து ஒண்டும். யாராவது டீசல் எஞ்சின் வைத்து இறைத்து, விரல் நீளக் கெளுத்தி வரைக்கும் அள்ளிக்கொண்டு போவார்கள். வருஷா வருஷம் இதே கதைதான்.

மீன்பாசி ஏலப் பணம் (மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டு வந்தது) கொஞ்சம் மிஞ்சியபோது, அதை மீனுக்கே செலவிடலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. மீன்கள் அணையைத் தாண்டி மேலே ஏறிப்போகப் படிபடியாகக் கட்டும் நீர்வழியான மீன் ஏணி கட்டச் சொல்லி மனு போடலாம் என்றார் ஒருவர். கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் வரத்து, 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு சரிந்தது உண்மைதான். ஆனால் 214 அடி உயர அணைக்கு ஏணி போடுவது நம் ஊர்ப் பணத்தில் ஆகிற காரியமா? அதை அங்கேயே விட்டோம்.

முதலில் குஞ்சுதான் வாங்கினோம். கட்லா, ரோகு, மிர்கால். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சீக்கிரம் எடையும் போட்டது. ஆனால் இந்த மூன்றும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. ஓடும் வெள்ளம் வேண்டும். குளத்தில் விட்டால் வளரும், பெருகாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் பணம் எண்ணி வைக்க வேண்டும். வாங்கியதிலும் ஒரு பங்கு நீர்க்காகத்துக்கு, ஒரு பங்கு வாளைக்கு. வாய்க்காலில் விட்டதோ அடுத்த தண்ணீரில் கீழூருக்குப் போய்ச் சேர்ந்தது.

விரால் அப்படியில்லை. தேங்கிய தண்ணீரிலேயே முட்டையிட்டுக் குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும். கெளுத்தியும் கெண்டையும் புதுத்தண்ணீர் வந்ததும் தாமே பெருகும். ஜூன் வரை தாய் மீன் உயிரோடு இருந்தால் போதும். அதனால் இப்போது மடுவில் இறைக்கத் தடை போட்டு, பிப்ரவரியிலிருந்து தண்ணீர் வரும்வரை ஒரு காவல்காரர் வைத்திருக்கிறோம். அவர் கூலிதான் மொத்தச் செலவு. தூர்வாரும் வேலையும் இல்லை, மதகிலிருந்து விழும் தண்ணீரே பள்ளத்தைக் குடைந்து வைக்கிறது. (ஆழப்படுத்தலாம் என்று மண்வெட்டியோடு இறங்கிவிடாதீர்கள், மதகின் அடித்தளம் போய்விடும்.)

நீர்நாய்த் தடமும் இப்போது தெரிகிறது. வலையைக் கிழிக்கிறது என்று இரண்டு பேருக்குக் கோபம். சரி, அது தின்பது எஞ்சின்காரர் அள்ளியதில் கால்வாசி கூட இருக்காது.

இரண்டு கோடைதான் பார்த்திருக்கிறோம், இரண்டிலும் மேட்டூர் நேரத்துக்குத் திறந்தது. வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தள்ளிப் போகிற வருஷத்தில் மடு தாங்குமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அப்படியொரு வருஷத்துக்காகக் குஞ்சுக்கான பணத்தில் கொஞ்சம் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.